சாக்குச்சாமியின் கழுத்துக்குள் ஒரு முட்டை

எனக்கு வலது பக்கம் திரும்ப வராது.

கல்யாண வீடுகளில் எடுத்த போட்டோக்களைப் பாருங்கள். எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கழுத்தை இடது பக்கம் ஒடித்துக்கொண்டு, மேடைக்குக் கூப்பிட்டும் போகாமல் முறுக்கிக்கொண்டு நிற்கிற தலைவர் மாதிரி நிற்பேன். "இந்த மனுசனுக்கு என்ன திமிரு" என்று பெண் வீட்டார் பேசிக்கொள்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. திமிர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கழுத்துக் கோணலுக்குக் காரணம் அது இல்லை. ஒரு கோழிமுட்டை.

(யோசித்துப் பார்த்தால் திமிரும்தான்.)

நான் மூன்றாம் வகுப்புப் படித்தவன். அதிலும் பாதி. மீதிப் பாதியில் வாத்தியாருக்கு ஊர் மாற்றலாகிவிட்டது, நானும் மாறிவிட்டேன், லாரிப் பட்டறைக்கு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் கொட்டகை ஒன்றில் ஆணி பிடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, முப்பது வயது முடிவதற்குள் திருச்செங்கோடு ரோட்டில் சொந்தக் கொட்டகை போட்டவன் நான். என்ஜினும் சக்கரங்களும் மட்டும் உள்ள எலும்புக்கூடாக உள்ளே வரும் வண்டி, என் கையை விட்டுப் போகும்போது கல்யாண மாப்பிள்ளையாகப் போகும். நான் கட்டிய பாடி வடக்கே எங்காவது போய்க் கவிழ்ந்தாலும் ரோடுதான் பள்ளமாகும், பாடி நசுங்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள். (ஒரு டிரைவர் சொன்னார். நான்தான் சொல்லச் சொன்னேன்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. பரமத்திப் பக்கத்திலிருந்து குப்பண்ணன் என்று ஒரு பெரியவர், தோட்டங்காடு உள்ளவர், தன் இரண்டாவது லாரிக்கு பாடி கட்ட என்னைத் தேடி வந்தார். வந்தவர் மர வகை கேட்கவில்லை, பெயிண்ட் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். புது லாரி பட்டறையிலிருந்து வெளியே வந்ததும் முதல் சுற்று கோயிலுக்குத்தான். அப்போது அந்த வீட்டுக் குழந்தை ஒன்று முன் சீட்டில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து போக வேண்டும். குப்பண்ணனின் முதல் லாரியிலும் அவர் பேரன் செந்தில் அப்படித்தான் உட்கார்ந்து போனான். அப்போது அவனுக்கு மூன்று வயது. வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். ஆடு பிழைத்துக்கொண்டது. பையனின் நெற்றி முன்னால் இருந்த இரும்புப் பலகையில் போய் மோதி ஏழு தையல்.

"சாங்கியத்தையும் உட முடியல தம்பி, பேரனையும் உட முடியல" என்றார். "மருமவ சொல்லிப்போட்டா. இந்தத் தடவ புள்ளைய முன்னால ஒக்கார வெச்சீங்கன்னா, அவனத் தூக்கிக்கிட்டு எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்னு. முன்னால ஏதாச்சும் மெத்த கித்த தெச்சுக் குடுக்க முடியுமா?"

"சரிங்க, தைத்துத் தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. கழுத்தும் நேராக இருந்திருக்கும்.

"மெத்தையுங்களா? மெத்த எவன் வேணாலும் தெப்பானுங்க. நான் காத்துப்பை வெச்சுத் தாரேன்."

"அதென்ன தம்பி அது?"

அதென்ன என்பது எனக்கும் பாதிதான் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்பு, வெளிநாட்டில் எஞ்ஜினியராக இருந்த ஒரு பையன் தன் அப்பாவின் லாரியைப் பார்க்கக் கொட்டகைக்கு வந்திருந்தான். அங்கே காருக்குள் ஒரு பையை மடித்து ஒளித்து வைக்கிறார்களாம். வண்டி எதிலாவது மோதினால் கண் மூடித் திறப்பதற்குள் அது ஊதி, ஆளைத் தாங்கிப் பிடிக்குமாம். அதோடு இன்னொன்றும் சொன்னான். குழந்தைக்கு அந்தப் பை என்ன செய்யும், கழுத்து தாங்குமா என்று பார்ப்பதற்காகவே குழந்தை அளவில் பொம்மை செய்து, அதற்குக் கழுத்துக்குள் கருவி வைத்து, திரும்பத் திரும்ப மோத விடுகிறார்களாம். முதல் பாதியை வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இரண்டாம் பாதியில் எனக்கு டீ வந்துவிட்டது.

ஒரே மாதத்தில் செய்து முடித்தேன். தார்ப்பாயில் பை தைத்து, உள்ளே ரப்பர் ட்யூபைப் போட்டு, மடித்து, முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு காற்றுத் தொட்டி. பம்பரின் நடுவிலிருந்து ஒரு கம்பி உள்ளே வரும். பம்பரில் அடி விழுந்தால் கம்பி பின்னால் போகும், தொட்டியின் வாய் திறக்கும், பை டமார் என்று வெளியே வரும். முதல் சோதனைக்கு ஒரு ஆள் எடையில் மணல் மூட்டை கட்டி முன் சீட்டில் வைத்து, பம்பரில் சம்மட்டியால் ஓர் அடி. பை வந்து மூட்டையின் நெஞ்சில் மெத்தென்று சாய்ந்தது. கொட்டகையே கைதட்டியது. அன்றைக்கு நான் நாமக்கல்லின் எல்லா டீக்கடையிலும் டீ குடித்தேன். வெளிநாட்டுக்காரன் என்னிடம் வந்து கற்றுக்கொள்வான் என்று எல்லாக் கடையிலும் சொன்னேன்.

குப்பண்ணன் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "சம்மட்டியில அடிச்சாத்தான் வருமா? ஆடு முட்டுனாக்கூட வரோணும் தம்பி."

"வரும்ங்க" என்றேன். கம்பியின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, கையால் ஓங்கித் தட்டினாலே வருகிற மாதிரி வைத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

என் மனைவி பாவாயி கொட்டகைக்குப் பின்னால் முந்நூறு கோழி வளர்த்துக்கொண்டிருந்தாள். அன்று முட்டைத் தட்டைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் வந்தவள், சீட்டில் இருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த மூட்டைக்குக் கழுத்து எங்கீங்க?"

"மூட்டைக்கு எதுக்குடி கழுத்து?"

"ஒக்காரப் போறது மூட்டை இல்லீங்களே."

சிரித்தேன். ஆறுமுகம் மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் என் தச்சர். என்னை விடப் பத்து வயது மூத்தவர், என்னை முதலாளி என்று கூப்பிடும்போதெல்லாம் அதில் லேசாக உப்புப் போடுவார். "அவுங்க கேக்கறது ஞாயந்தானுங்க மொதலாளி" என்றார்.

பொம்மையைப் பாவாயியே செய்தாள். குப்பண்ணன் வீட்டிலிருந்து செந்திலின் பழைய சட்டையும் டிராயரும் வரவழைத்து, அந்த அளவுக்குச் சாக்கு தைத்தாள். எங்கள் மகள் மல்லிகாவுக்கும் செந்திலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, அஞ்சு. மல்லிகாவைத் தீவனத் தராசில் நிறுத்தி, அதே எடைக்கு மணலும் தவிடும் அடைத்தாள். தலைக்கு மட்டும் தனியாக மணல் உருண்டை. "புள்ளைகளுக்கு ஒடம்புக்குத் தல கனமுங்க. பெரியவங்க மாதிரி இல்ல" என்றாள். கழுத்துக்கு ரேடியேட்டர் ரப்பர் குழாயில் ஒரு துண்டு. அந்தக் குழாய்க்குள், சுற்றிலும் தவிடு வைத்து, ஒரு பச்சை முட்டை.

"கழுத்து ஒடிஞ்சா முட்ட ஒழுவும். ஒழுவலீன்னா புள்ளைய ஏத்துங்க."

வெளிநாட்டில் கருவி வைத்தார்களே, அதேதான். பாவாயி பள்ளிக்கூடமே போகாதவள். நானாவது பாதி மூன்றாம் வகுப்பு.

கரியால் கண், மூக்கு வரைந்து, சட்டை டிராயர் மாட்டினாள். எங்கள் பக்கம் குழந்தைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அதனால் மல்லிகா அதற்குச் சாக்குச்சாமி என்று பேர் வைத்தாள்.

சாக்குச்சாமியை முன் சீட்டில் உட்கார வைத்தோம். பம்பரைத் தட்டினேன். டமார்!

பை பின்னுக்குச் சுருங்கியதும் உள்ளே எட்டிப் பார்த்தோம். உடம்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. தலை முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கரியால் வரைந்த கண்கள் தலைகீழாகப் பின் சுவரைப் பார்த்தன. செந்திலின் சட்டைக் காலருக்குள்ளிருந்து மெதுவாக ஒழுக ஆரம்பித்தது.

மல்லிகாதான் பேசினாள்.

"அப்பா, சாமிக்கு ரத்தம் மஞ்சளா வருதுங்க."

ஆறுமுகம் பையின் வாயையும் பொம்மையின் தாடையையும் விரலால் அளந்து பார்த்தார். "பெரியாளுக்கு நெஞ்சுல வந்து உழுவுதுங்க. புள்ளைக்கு அதே எடம் தாடை. கீழ இருந்து மேல தூக்கி அடிக்குது."

காற்றைக் குறைத்தேன். அப்போது பை பாதி ஊதி, மணல் மூட்டையைத் தொடாமலே தொங்கியது. காற்றைக் கூட்டி, சீட்டைப் பின்னால் தள்ளினேன். முட்டை உடைந்தது. பலகை போட்டு சீட்டை உயர்த்தினேன். உடைந்தது. பையைச் சின்னதாக்கினேன், பெட்டியைச் சாய்த்தேன், சாக்குச்சாமியைத் துண்டால் கட்டினேன். மூன்று நாளில் எட்டு முட்டை. ஒவ்வொரு தடவையும் பாவாயி புதுக் குழாய்க்குள் புது முட்டை வைத்து, அந்தச் சட்டையைத் துவைத்து, காய வைத்து, திரும்ப மாட்டிவிடுவாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

எட்டாவது முட்டை ஒழுகியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"எட்டுப் புள்ளைங்க."

"முட்டையும் புள்ளையும் ஒண்ணாடி?" என்று கத்தினேன்.

"நாந்தான் ஒண்ணுன்னேனுங்க. இல்லீன்னு நீங்க மொத முட்டையிலயே சொல்லியிருக்கலாமுல்ல."

மறுநாள் புதன்கிழமை, காலை நல்ல நேரத்தில் வண்டி வெளியே போக வேண்டும். குப்பண்ணன் உறவுக்கெல்லாம் சொல்லிவிட்டார். நான் நாமக்கல்லுக்கே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வேறு, "நாளைக்கு உங்க காத்துப்பைய பாக்க வாரோமுங்க" என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் சொல்லி அனுப்பிய தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது என் மூளை ஒரு கணக்குப் போட்டது. கோயிலுக்கு அரை மைல். வண்டி சைக்கிள் வேகத்தில்தான் போகும். முன்னால் மேளக்காரர்கள் நடந்து போவார்கள். எதில் மோதப் போகிறது? போதாக்குறைக்கு, சோதனை முடிந்ததும் தொட்டியின் டேப்பை, காற்றை அடைக்கிற அந்தத் திருகை, நானே நைசாக மூடிவிடுவேன். பிறகு யானை முட்டினாலும் பை வராது. ஆகக் குழந்தைக்கு ஆபத்தே கிடையாது. இடைஞ்சல் அந்த முட்டை ஒன்றுதான்.

விடியற்காலையில், ஆணி காய்ச்சும் உலையில், கிரீஸ் டப்பாவைக் கழுவித் தண்ணீர் ஊற்றி, ஒரு முட்டையை அவித்தேன்.

(இதை எழுதும்போது இப்போதும் சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன். இடது பக்கம் மட்டும்.)

கூட்டம் நான் நினைத்ததை விட அதிகம். குப்பண்ணன் பட்டுக்கரை வேட்டியில் வந்திருந்தார். அவர் மருமகள் செந்திலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றாள். பையனின் நெற்றியில் பழைய தையல் தடம் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

சாக்குச்சாமியை ஏற்றினோம். அன்றைக்கு முட்டையை நானே வைத்தேன். "நீங்க ஏனுங்க, நான் வெக்கறேன்" என்று பாவாயி கை நீட்டினாள். "இன்னைக்கு என் கையால வெக்கோணும், ராசி" என்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பம்பரைத் தட்டினேன். டமார்! கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. தலை பின்னால் போய், ஆடி நின்றது. குழாயைப் பிரித்து, முட்டையை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினேன். ஓட்டில் முடி மாதிரி ஒரு விரிசல். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பாத்துக்குங்க! ஒரு சொட்டு!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பக்கத்துக் கொட்டகைக்காரர் ஒருவர் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைத்துச் சந்தோஷப்படுவேன். ஆறுமுகம் பையை மடித்து உள்ளே வைத்து, தொட்டியில் திரும்பக் காற்று ஏற்றினார். அப்படித்தான் குப்பண்ணனிடம் பேச்சு. கோயிலுக்குப் போகும்போது பை தயாராக இருக்க வேண்டும்.

பாவாயி என் கையிலிருந்து முட்டையை வாங்கினாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினம் நூற்றுக்கணக்கில் முட்டை பொறுக்குகிறவள். இரண்டு முட்டையை ஒன்றோடொன்று தட்டி, சத்தத்திலேயே விரிசல் முட்டையைத் தனியே எடுத்துவிடுவாள். அன்று நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். திரும்ப ஒரு தட்டு. பிறகு முட்டையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். தவிட்டுக்குள் பொத்தி வைத்திருந்ததால் அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும்.

என்னைப் பார்த்தாள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வையை மட்டும் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் குப்பண்ணன் என் கழுத்தில் மாலை போட்டார். யாரோ தோளில் துண்டு போர்த்தினார். யாரோ கையைக் குலுக்கினார். "படிச்சவன் செய்ய முடியாததச் செஞ்சுபோட்ட தம்பி" என்று ஒருவர் சொன்னார். அதை இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். மூடியிருக்க வேண்டிய டேப் சீட்டுக்கு அடியில் திறந்தபடியே கிடந்தது. சாமந்தி வாசனையில் எனக்கு அது நினைவிலேயே இல்லை.

மருமகள் மரத்தடியிலிருந்து மெதுவாக வந்தாள். செந்திலை மாமனார் கையில் கொடுத்தாள். குப்பண்ணன் பேரனை முன் சீட்டில் தூக்கி உட்கார வைத்தார். பையன் கால் தரைக்கு எட்டவில்லை. கையில் ஒரு வாழைப்பழம்.

அப்போது பாவாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மல்லிகாவை இடுப்பில் வைத்தபடி கேபின் கதவுக்கு வந்தாள். எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்.

"ஏனுங்க, முட்டதான் தாங்கிருச்சே. நம்ம புள்ளையும் கூட ஒக்காரட்டுமுங்களா?"

குப்பண்ணன் மகிழ்ந்துபோனார். "அட, அதுக்கென்ன சாமி, ரெண்டு கொழந்தைகளும் போவட்டும்!"

பாவாயி ஏறவில்லை. ஒரு காலைப் படியில் வைத்து, மல்லிகாவை இடுப்பிலிருந்து இறக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மல்லிகாவின் கையில் அந்த முட்டை இருந்தது.

'வேண்டாம்' என்று சொன்னால் ஏன் என்பார்கள். 'ஏறட்டும்' என்று சொல்ல வாய் வரவில்லை. மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றுமில்லை, சைக்கிள் வேகம், டேப்பை மூடிவிட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேப். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டேப்பை மூடவில்லை.

சரி, வண்டி கிளம்பும் முன் மூடிவிடலாம், நேரம் இருக்கிறது என்று திரும்பினேன். வண்டிக்கு முன்னால் பூசாரி கற்பூரம் காட்டி முடித்து, தேங்காயை எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கொட்டகை வழக்கம் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். மற்ற இடங்களில் தேங்காயைத் தரையில் உடைப்பார்கள். நான் கட்டும் வண்டிக்குப் பம்பரில்தான் உடைக்க வேண்டும். நட்ட நடுவில். ஒரே அடியில் தேங்காய் இரண்டாகப் பிளக்கும், பம்பரில் கோடுகூட விழாது. என் பம்பரின் பலத்தை ஊருக்குக் காட்ட நானே பத்து வருஷமாக நடத்தி வந்த வழக்கம்.

நட்ட நடுவில்தான் அந்தக் கம்பி. ஆடு முட்டினாலே ஓடுகிற கம்பி.

"அய்யோ, நிறுத்துங்க!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பூசாரி நான் பக்தியில் கத்துகிறேன் என்று நினைத்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, தேங்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். சீட்டில் செந்தில் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். அவன் தாடைக்கு நேர் எதிரே தகரப் பெட்டி. எட்டு முட்டையும் என் கண் முன்னால் வரிசையாக ஒழுகின.

டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. அதில் பாய்ந்தேன். (இது என் தரப்பு. "தடுக்கி உழுந்தீங்க" என்பது பாவாயி தரப்பு. நாற்பது வருஷமாக வழக்கு நிலுவையில் இருக்கிறது.) பையனைச் சட்டையோடு பிடித்துக் கீழே கால் வைக்கிற இடத்துக்கு இழுத்தேன். இழுத்த வேகத்தில் அவன் இருந்த இடத்துக்கு, அதே உயரத்துக்கு, என் தலை வந்து சேர்ந்தது. எதிரே பெட்டி மூடியின் ஆணிகள் தெரிந்தன. நான் அடித்த ஆணிகள். வரிசை நேராகத்தான் இருந்தது.

டமார்!

மணல் மூட்டைக்கு மெத்தென்று இருந்த பை, எனக்குக் கருங்கல் மாதிரி வந்தது. தாடைக்குக் கீழே ஏறி, தலையைத் தூக்கி, பின்னால் எறிந்தது. கண் திறந்தபோது பின் சுவர் தலைகீழாகத் தெரிந்தது. சாக்குச்சாமி எட்டுத் தடவை எதைப் பார்த்தானோ, அதையே நானும் பார்த்தேன்.

மேளம் நின்றுவிட்டது. கீழே, என் காலுக்கு அருகிலிருந்து, செந்திலின் அழுகுரல். "என்ற பழம் நசுங்கிப்போச்சு!" அதை விட இனிமையான சங்கீதத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

என்னைத் தூக்கி மரத்தடியில் கிடத்தினார்கள். கழுத்து இடது பக்கமாகப் போய் நின்றுவிட்டது, திரும்ப வரவில்லை. குப்பண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "என்ற பேரனுக்காக உசுரக் குடுக்கப் பாத்தியே தம்பி!" கூட்டம் உச்சுக்கொட்டியது. வலியில் ஒரு பக்கம் உயிர் போனாலும், இன்னொரு பக்கம் எனக்குள் ஒரு மூலையில், இது நன்றாகத்தான் போகிறது, இப்படியே விட்டுவிடலாம் என்று ஓர் எண்ணம் ஓடியது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்போது மல்லிகா வந்து என் தலைமாட்டில் குந்தினாள். என் இடது பக்கம்தான், அதனால் நன்றாகத் தெரிந்தது. முட்டையைத் தரையில் டொக் டொக்கென்று தட்டினாள். ஓட்டை உரித்தாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கடி கடித்தாள். வெள்ளைக்கு நடுவே மஞ்சள் கெட்டியாக, அழகாக, வட்டமாக இருந்தது.

"அப்பா, உப்பு இருக்குதுங்களா?"

குப்பண்ணன் முட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையைக் கீழே வைத்தார்.

"அவிச்சதா?" என்றார்.

தலையாட்டலாம் என்று பார்த்தேன். தலை ஆடவில்லை. "ஆமாங்க" என்று வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பச்சையில எட்டும் ஒடைஞ்சுபோச்சுங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் ஒருவேளை கழுத்து நேராகியிருக்கும். மருமகள் செந்திலை அள்ளிக்கொண்டு, "நான் எங்கப்பன் ஊட்டுக்கே போறேன், மாமா" என்று நடக்க ஆரம்பித்தாள்.

பாவாயிதான் அவளை மறித்தாள். "நில்லு கண்ணு. புள்ளைய முன்னாலதான் ஒக்கார வெக்கோணும்னு சாமி வந்து சொல்லுச்சா? டிரைவருக்குப் பின்னால படுக்கற சீட்டு இருக்குதில்ல. அதுல ஒக்கார வெச்சு, ஒரு துண்டப் போட்டு இறுக்கிக் கட்டு. அங்க ஒக்காந்தாலும் கோயிலுக்குத்தான் போவும் வண்டி."

குப்பண்ணன் சரி என்று தலையாட்டினார். ஆறுமுகம் காற்றுத் தொட்டி, பை, கம்பி எல்லாவற்றையும் கழற்றிக் கீழே போட்டார். செந்திலும் மல்லிகாவும் பின் சீட்டில், பாவாயியின் புது டவலால் கட்டப்பட்டு, கோயிலுக்குப் போனார்கள். வழியில் ஆடு வந்ததாம். ஒன்றும் ஆகவில்லையாம். நான் அப்போது ஒரு வாடகைக் காரில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நடந்ததைக் கேட்டார். "உங்க கழுத்து கெட்டி, பொழைச்சீங்க" என்றார். "அந்த எடத்துல அஞ்சு வயசுக் கொழந்தை இருந்திருந்தா..." படத்தை உறைக்குள் போட்டார். பாவாயி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் போன பிறகு மெதுவாகக் கேட்டேன். "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, மல்லிகாவ ஏத்தியிருப்பியா?"

"ஏத்தியிருப்பனா? கிறுக்கா எனக்கு?" என்றாள். "செந்தில எறக்கித் தூக்கிட்டு ஓடியிருப்பேன். எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன். பத்து வரைக்கும் உங்களுக்குக் குடுத்தேன்."

"எத்தன வரைக்கும் வந்தே?"

"ஒம்பது."

மூன்று மாதம் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். குப்பண்ணன் அடுத்த லாரிக்கும் என்னிடமே வந்தார். ஆனால் பேசியதெல்லாம் பாவாயியிடம். அதன் பிறகு என் கொட்டகையில் கட்டிய வண்டிகளுக்கெல்லாம் குழந்தைகள் பின் சீட்டில்தான் கோயிலுக்குப் போனார்கள். தேங்காய் தரையில்தான் உடைந்தது.

போன மாதம் மல்லிகாவின் மருமகன் புதுக் கார் வாங்கினார். எத்தனை காற்றுப்பை இருக்கிறது என்று கடைப் பையன் விளக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இதெல்லாம் நான் நாப்பது வருசத்துக்கு முன்னாலயே நாமக்கல்லுல செஞ்சு பாத்தவன். அன்னைக்கு மட்டும் எனக்கு ஒரு நல்ல..." என்று ஆரம்பித்தேன்.

என் குடும்பத்தில் ஒன்பது பேர் அங்கே நின்றார்கள். ஒன்பது பேரும், பள்ளிக்கூடம் சேராத கொள்ளுப்பேத்தி உள்பட, ஒரே குரலில் கேட்டார்கள்.

"அவிச்சதுங்களா, பச்சைங்களா?"

கடைப் பையன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் பதில் சொல்லாமல் போய், கொள்ளுப்பேத்திக்குப் பக்கத்தில் பின் சீட்டில் உட்கார்ந்தேன். பாவாயி எட்டி பெல்ட்டை மாட்டிவிட்டாள். எனக்குத்தான் முதலில்.